ஏழரை: கொட்டாஞ்சேனையில் ஒரு சாக்ஸபோன்

"வந்த காரணம்?" என்று இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கேட்டார்கள். ஒரு சாக்ஸபோன்காரரிடம் கையெழுத்து வாங்க வந்திருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அதிகாரி என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, சுற்றுலா என்று தானே முடிவு செய்து முத்திரை குத்தினார்.

மதுரையில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தொழில். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களைப் பிரேக் போடச் சொல்லிக் கத்துகிறவன், ஞாயிறு மதியம் மட்டும் ஒரு போட்டோ ஸ்டூடியோ மாடிக்குப் போய்விடுவேன். அங்கே நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஃப்ரீ ஜாஸ் கேட்போம். தெரியாதவர்களுக்கு: மெட்டு, தாளம், சுருதி எதற்கும் கட்டுப்படாமல் சாக்ஸபோனை அலறவிடுகிற இசை அது. என் மனைவி இதைப் பூனைச் சண்டை என்பாள். எங்கள் குழுவின் தலைவரான பேராசிரியர், அப்படிச் சொல்கிறவர்களுக்குக் காது இன்னும் முளைக்கவில்லை என்பார். இரண்டு பேரும் நேரில் சந்திக்காதபடி பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

எங்களிடம் நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகள் இருந்தாலும் நாங்கள் கும்பிடுவது ஒன்றைத்தான். பத்து வருடங்களுக்கு முன்னால் குழுவில் ஒருவருடைய உறவினர் வெள்ளவத்தையிலிருந்து கொண்டுவந்த சிடி. ஏதோ பழைய நாடாவிலிருந்து பதிந்தது. நாற்பது நிமிடம், ஒரே ஒரு சாக்ஸபோன், பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி கனத்த குரல். நாடாப் பெட்டியின் முதுகில் பேனாவால் மூன்றே விஷயங்கள் எழுதியிருந்ததாகச் சிடி உறையில் குறித்திருந்தார்கள்: ஆர். அன்ரனி, சாக்ஸ், 7½.

அந்த ஏழரைதான் எங்களை மயக்கியது. ஏழரை நாட்டுச் சனி! ஏழரை வருடத் துன்பத்தை நாற்பது நிமிடத்தில் ஊதித் தீர்த்திருக்கிறான் ஒரு மனிதன். அன்ரனி என்ற பெயர்கொண்ட ஒரு கத்தோலிக்கருக்குச் சனி பிடிக்குமா என்று ஒருவர் கேட்டார். சனிக்கு மதம் கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நான் அதைப் பற்றி நாற்பது பக்கக் கட்டுரை எழுதினேன், நிமிடத்துக்கு ஒரு பக்கம். இப்போது அதை இசைத்தட்டாக வெளியிடலாம், உறைக்குள் என் கட்டுரையையும் வைக்கலாம் என்று முடிவானது. அதற்கு அன்ரனியின் சம்மதம் வேண்டும். கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு சந்தில் சிவபாலன் அண்ணரின் கடை. கல்யாண வீடியோக்களையும் பழைய நாடாக்களையும் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறவர். சிடி தயாரித்தவர் இவர்தான். "உந்த நாடாவோ? ஓம், இஞ்சதான் கிடக்கு. ஆரோ வீடு மாறிப் போகேக்க ஒரு பெட்டி நிறையத் தந்திட்டுப் போனவை. பிறகு ஒருத்தரும் வரேல்ல" என்றவர், அலமாரியின் அடியில் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கையில் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "கொட்டாஞ்சேனை ஆக்கள் எண்டு நினைக்கிறன். அங்க போய் விசாரியுங்கோ."

அந்தப் பரவசத்தில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். மதுரையில் இடியப்பம் என்றால் காய்ச்சல்காரர்களுக்கும் தேங்காய்ப்பால் பிரியர்களுக்கும் உரியது. இங்கே பதினைந்து இடியப்பத்தை ஒரு மனிதர் சம்பலோடு பிசைந்து, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் முடித்துவிட்டு எழுந்து போனார். நான் ஒன்பதில் நின்றுவிட்டேன். "காணுமோ? சுகமில்லையோ?" என்று பரிமாறியவர் கவலையாகக் கேட்டார். காணும் என்றால் அங்கே போதும்.

இரண்டாம் நாள் கொட்டாஞ்சேனைக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. "அன்ரனி, அன்ரனி" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்று கையால் சொன்னார். இவ்வளவு பெரிய கலைஞனை இந்த ஊர் மறக்கவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. வழியில் அவர் மூன்று முறை இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதைக்கூட மன்னித்தேன்.

அவர் இறக்கிவிட்ட இடம் அந்தோனியார் கோயில்.

வாசலில் காவலாளி என் பையைத் திறக்கச் சொல்லி நாடாவை வெளியே எடுத்தார். சினிமாவா என்று கேட்டார். இசை என்றேன். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டதால் வெளியேறவும் வழியில்லை. உள்ளே போய், புனிதரின் முன்னால் நின்று, ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வந்தேன். வெளியே மெழுகுவர்த்தி விற்கிற அம்மா தமிழில் பேசினார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சாக்ஸபோன் அன்ரனியோ?" என்று யோசித்தார். "அது றீற்றா மிஸ் எல்லோ! அங்கால, கொட்டாஞ்சேனைச் சந்திக்குக் கிட்ட. அவவின்ர வீட்டை கேளுங்கோ, ஆரும் காட்டுவினம்."

மனைவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விதவையாக இருந்தால் எப்படி ஆறுதல் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். அந்த பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அந்த இடைவெளியில் தங்கள் விதியைப் பார்த்துக்கொண்டார்கள்.

கதவைத் திறந்தவருக்கு எழுபத்துநாலு வயது. ஒல்லியான உடம்பு, குட்டை முடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. நான் மெதுவாக, மரியாதையாகக் கேட்டேன்: "ஆர். அன்ரனி சாரைப் பார்க்கணும்."

"ஆர். அன்ரனி நான்தான். என்ன விசயம்?"

நாற்பது பக்கமும் என் பைக்குள் இருந்தது. அதில் பதினோராம் பக்கத்தில், "இது ஓர் ஆண் சிங்கத்தின் தனிமைக் கர்ஜனை" என்று ஒரு வாக்கியம் உண்டு. அதை எழுதிய நாளில் என்னை நானே பாராட்டிக்கொண்டு ஜிகர்தண்டா குடித்தேன்.

உட்காரச் சொன்னார். பால் கலக்காத பிளேன்ரீ வந்தது. பையிலிருந்து நாடாப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். தொடவில்லை.

"இது எங்கால கிடைச்சது?" என்றார்.

சொன்னேன். பிறகு அவர் சொன்னார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு வேலை. கப்பல்காரர்கள் கொண்டுவருகிற இசைத்தட்டுகளை இரவல் வாங்கிக் கேட்பாராம். சனிக்கிழமைகளில் ஒரு ஹோட்டல் நடனக் குழுவில் சாக்ஸபோன். "ஒரு நாள் டான்ஸ் நடந்துகொண்டிருக்கேக்க எனக்குத் தோன்றின மாதிரி ஊதிப்போட்டன். ரெண்டு நிமிசம்தான். ஆடினவையள் அப்பிடியே நிண்டிட்டினம். பேண்ட் மாஸ்டர் வந்து, ஆக்கள் இஞ்ச சாப்பிட வருகினம், பயப்பிட வரேல்ல எண்டு சொல்லி நிப்பாட்டிப்போட்டார்." அடுத்த ஞாயிறே கோயில் மண்டபத்தில் தன் விருப்பப்படி முழுதாக ஊதினாராம். குழுவில் டிரம்ஸ் வாசித்த கிங்ஸ்லி தன் மெஷினில் பதிந்தார். அந்த மாதமே கிங்ஸ்லி வெளிநாடு போய்விட்டார். "நாடா அவற்ற வீட்டில நிண்டிட்டுது. ஆறு மாசம் கேட்டுக் கேட்டு அலைஞ்சனான். பிறகு விட்டிட்டன். நான் இதை ஒருக்காவும் கேட்டதில்லை, தம்பி."

தன் வாழ்க்கையில் பதிந்த ஒரே இசையை அவர் கேட்டதேயில்லை. நாங்கள் ஐந்து பேர் ஐநூறு தடவை கேட்டிருக்கிறோம். கைப்பேசியை மேசையில் வைத்துப் போட்டேன்.

பாதாளக் குரல் எழுந்தது. றீற்றா அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

"ஆர் இது?"

"நீங்கதான் அக்கா."

"இது நானில்லை. ஆரோ ஆம்பிளை. பெரிய சாக்ஸ். என்ர அல்ட்டோ, சின்னன்."

"இதுல இருக்கிற வருத்தம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஓம், சரியான வருத்தக்காரன் போலத்தான் கிடக்கு. மூச்சும் விடேலாமல் இருக்கிறான். ஆஸ்பத்திரியில காட்டினவையோ?"

இலங்கையில் வருத்தம் என்றால் நோய் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. திருத்தவில்லை. அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

இவர் வேறு அன்ரனி என்ற முடிவுக்கு இருவருமே வந்துகொண்டிருந்தோம். அப்போது பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்த ஒலி வந்தது. ஆழமான, நீளமான ஒரு முழக்கம். இரண்டாவது ஒரு கலைஞர் திபெத்தியத் தாம்பாளத்தை அடிக்கிறார் என்று நான் மூன்று பக்கம் நிறுவியிருந்த ஒலி.

அவர் சட்டென்று கையை உயர்த்தினார். "திருப்பிப் போடுங்கோ."

போட்டேன்.

"இது எங்கட கோயில் மணி," என்றார். "அடிக்கிற முறை அதேதான். ரெண்டு, ஒண்டு, ரெண்டு. ஆனா எங்கட மணி உப்பிடி இழுத்து அடிக்காது." பெட்டியைத் திருப்பினார். பேனா எழுத்தில் விரலை வைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கியது. கண்ணாடி கழன்று கயிற்றில் ஆடியது.

"தம்பி, இது என்ன எண்டு நினைச்சீங்கள்?"

"ஏழரை... சனி."

"செக்கனுக்கு ஏழரை அங்குலம்! நாடா ஓடுற வேகம்! நீங்கள் பாதி வேகத்தில போட்டுக் கேட்டிருக்கிறீங்கள்!"

சிவபாலன் அண்ணருக்கு போன் செய்தேன். "ஓம், என்ர மெஷின்ல மூண்டேமுக்கால் மட்டும்தான் ஓடும். வேகத்தை மாத்திற குமிழ் இறுகிப்போச்சு" என்றார் சாதாரணமாக. "பாட்டெண்டா தெரிஞ்சிருக்கும். இது சாக்ஸபோன்தானே, உப்பிடித்தான் இருக்கும் எண்டு விட்டிட்டன்."

முப்பது வருடமாக ஊராருக்கு வேகத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் நான். கைப்பேசியிலேயே இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தேன். அது சுருதியை மாற்றாமல் ஓட்டமாக ஓடியது, அவசரமாகக் கழிப்பறைக்குப் போகிற துக்கக்காரர் மாதிரி. "நிப்பாட்டுங்கோ," என்றார் அக்கா. "நஸீரிட்ட மெஷின் இருக்கும். இரத்மலானை. நாளைக்குப் போவம்." பிறகு இறால் கறியும், அங்கே பாண் என்கிற ரொட்டியும் போட்டார். சாப்பிடும்போது என் கட்டுரையை வாசிக்கச் சொன்னார். ஆண் சிங்கம் வந்த இடத்தில், "அதை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். "நல்ல தமிழ்," என்றார்.

மூன்றாம் நாள் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினோம். கடலோரமாகப் போகிற பாதை. அலை சன்னலுக்குள் வந்துவிடும்போல இருந்தது. இருவருக்கும் உட்கார இடம் கிடைத்த மகிழ்ச்சியில், அது இரத்மலானையில் நிற்காத ரயில் என்பதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் நிலையம் சன்னலுக்கு வெளியே ஓடியதைப் பார்த்துக்கொண்டே மொறட்டுவைக்குப் போய்ச் சேர்ந்தோம். எதிரே இருந்த சிங்களப் பெரியவர் ஏதோ சொன்னார். அக்கா மொழிபெயர்த்தார்: "வேகமான ரயிலில ஏறினா இதுதான் நடக்கும் எண்டு சொல்லுறார்." அவருக்கு எங்கள் கதை தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த ரயிலில் இரத்மலானைக்குத் திரும்பி வந்தோம். நஸீர் பாய் ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர். விமானத்தள மதிலை ஒட்டிய சின்ன வீடு. வீட்டில் மனிதர்களைவிட மெஷின்கள் அதிகம். "வாங்க மிஸ், இரிங்க. இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்க, சொன்னா நான் வந்தீப்பேனே" என்றவர், நாடாவைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோனார். நுனியைப் பஞ்சால் துடைத்தார். சக்கரத்தில் மாட்டினார். ஒரு விசையைத் தட்டினார்.

பத்து வருடமாக நான் நோன்பிருந்து கேட்ட துக்கம், பறவைக் கூட்டம் மாதிரி அறைக்குள் பாய்ந்தது.

எப்படிச் சொல்வது? அது சந்தோஷம். முழுக்க முழுக்கச் சந்தோஷம். சின்ன சாக்ஸபோன் துள்ளியது, கீச்சிட்டது, ஒரு சுரத்தை எடுத்து உடைத்தது, உடைந்த துண்டுகளை வைத்து விளையாடியது. யோகிகளின் மூச்சடக்கம் என்று நான் எழுதிய இடம் ஓர் இளம்பெண் நன்றாக இழுத்து வைத்த மூச்சு. மணி அடித்தது, கணீரென்று. பிறகு அந்தக் குரல் வந்தது. யாரும் அறியாத மொழியில் ஒரு தீர்க்கதரிசி முனகுகிறான் என்று பேராசிரியர் கண்டுபிடித்த இடம். இப்போது அது தெளிவான தமிழ், கதவுக்கு வெளியேயிருந்து:

"பிள்ளை! உள்ளுக்க ஆர் பண்டி வெட்டுறது?"

யாரோ பன்றி அலறுவதாக நினைத்திருக்கிறார். அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் சிரிப்பு. உடனே சாக்ஸபோன் அந்தக் கேள்வியை அப்படியே ஊதிக் காட்டியது. பண்டி வெட்டுறது, பண்டி வெட்டுறது என்று ஏற்றியும் இறக்கியும் கவிழ்த்தும் புரட்டியும் ஐந்து நிமிடம். நஸீர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட சங்கிலித்தாம்," என்றார் அக்கா. சங்கிலித்தாம் என்றால் கோயிலைத் திறந்து மூடி மணி அடிக்கிறவர். "நல்ல மனிசன். பண்டி எண்டுதான் நினைச்சவர்." சிரித்தபடி சொன்னார். நாடா முடிந்து சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்கியபோது பார்த்தால், கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை. "நான் நல்லாத்தான் ஊதியிருக்கிறன், என்ன நஸீர்?" என்றார்.

"சரியான நல்லம் மிஸ்."

"பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். அந்த பேண்ட் மாஸ்டர் சொன்னது சரியோ எண்டு."

நான் வாசலுக்கு வந்து மதுரைக்கு போன் செய்து பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேகம் என்பது கேட்பவனின் சுதந்திரம்," என்றார். "நாம் கேட்டதுதான் படைப்பு. அந்தம்மா ஊதியது அதற்கான மூலப்பொருள். மெதுவான வடிவத்தையே வெளியிடுவோம். கட்டுரையும் வீணாகாது."

என் நாற்பது பக்கங்களும் கண் முன்னால் வந்து கெஞ்சின. பொய் சொல்லவில்லை, ஒரு நிமிடம் தடுமாறினேன். பிறகு அந்த நனைந்த கன்னம் ஞாபகம் வந்தது. "ஐயா, வேகத்தை நானே தீர்மானிக்கிறேன், அது என் தொழில்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பதினைந்து வருடத்தில் அவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

உள்ளே வந்து கையெழுத்துத் தாளை நீட்டினேன். அக்கா பேனாவை எடுத்துவிட்டு நிறுத்தினார். "இருவது நிமிசம்தானே வருது. இசைத்தட்டுக்கு ரெண்டு பக்கம் எல்லோ?"

"ஆமா."

"மற்றப் பக்கத்தில என்ன போடப்போறீங்கள்?"

கேட்டுவிட்டு அக்கா நஸீர் பாயைப் பார்த்தார். நஸீர் பாய் ஒலிவாங்கிகள் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அக்கா சாக்ஸபோன் பெட்டியோடு நஸீர் பாய் வீட்டுக்கு வந்தார். வருடத்தில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, மட்டும் கோயிலில் ஒழுங்காக வாசிப்பாராம். மற்ற நாட்களில் வீட்டுக்குள் தன் விருப்பப்படி. பக்கத்து வீட்டார் ஒன்றும் சொல்வதில்லையா என்று கேட்டேன். "நாப்பது வருசமாப் பழகிட்டினம். ஒரு நாள் ஊதாட்டித்தான் வந்து கதவைத் தட்டுவினம்."

நஸீர் பாய் மின்விசிறியை நிறுத்தினார். சன்னல்களை மூடினார். மூலையில் ஒரு முக்காலியில் என்னை உட்காரவைத்து, மூச்சு விடுவதைக்கூடப் பார்த்து விடச் சொன்னார். அக்கா கண்ணை மூடினார். முதல் சுரமே கரகரத்து உடைந்தது. அவர் அதைச் சரிசெய்யப் போகவில்லை. அந்த உடைசலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். வயதான மூச்சு, குட்டை வாக்கியங்கள், நடுவில் நீண்ட இடைவெளிகள். அந்த இடைவெளிகளில் அவர் எதையோ காத்திருந்து கேட்டார், பிறகு பதில் சொன்னார். ஒரு சிறு விமானம் தலைக்கு மேல் இறங்கியது. அதற்கு வழிவிட்டு நின்று, அது போனதும் தொடர்ந்தார். பழைய நாடாவில் இருந்த பெண் விளையாடினாள். இவர் விளையாட்டுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். பத்து வருடம் ஞாயிறு தவறாமல் இந்த இசையை விளக்கிக்கொண்டிருந்தவனுக்கு, அன்று காலை மனதில் ஒரு வாக்கியமும் வரவில்லை. மூடிய அறை, வெக்கை, பழைய மெஷின்களின் தூசி. நான் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது நிமிடத்தில், எல்லாம் அடங்கி ஒரே ஒரு மெல்லிய சுரம் நூல் மாதிரி நீண்டுகொண்டிருந்தபோது, தும்மிவிட்டேன்.

சாதாரணத் தும்மல் இல்லை. வீட்டில் நான் தும்மினால் எதிர்வீட்டு நாய் எழுந்துகொள்ளும். நஸீர் பாய் தலையில் கைவைத்தார். அக்கா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சுரம் அறுபடவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் அதே மெல்லிய நூலில் போய், இறக்கி வைத்தார். "காணும்," என்றார்.

நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு தடவை பதியலாம் என்றேன். அழாத குறை.

"என்னத்துக்கு? உது இருக்கட்டும். நான் தனிய ஊதினது எண்டுதானே ஆக்கள் நினைப்பினம். ஆக்களும் இருந்தவை எண்டு தெரியட்டும்." தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இரண்டு நிபந்தனைகளையும் தன் கையாலேயே எழுதினார். வேகம் மாற்றக் கூடாது. உறையில் கட்டுரை கூடாது, பெயர்கள் மட்டும் போதும்.

இசைத்தட்டு இந்த மாதம் வந்துவிட்டது. பேராசிரியரும் இன்னொருவரும் ஞாயிறு கூட்டத்துக்கு வருவதில்லை. அவர்கள் வேறொரு மாடியில் பழைய சிடியைக் கேட்கிறார்கள் என்று கேள்வி. மீதி மூன்று பேரும் போட்டோ ஸ்டூடியோ மாடியில் பிரித்துப் பார்த்தோம். வெள்ளை உறையின் பின்பக்கம் நாலே வரி.

றீற்றா அன்ரனி, அல்ட்டோ சாக்ஸபோன்.
ஒலிப்பதிவு: கிங்ஸ்லி, நஸீர்.
வெளியே குரல்: சங்கிலித்தாம்.
தும்மல்: மதுரைத் தம்பி.

வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். உறையைத் திருப்பி முழுதாக வாசித்தாள். "பரவாயில்லையே," என்றாள். "இதை மட்டும் எனக்கு ஒருதடவை போட்டுக் காட்டுங்க."